முழுக் கோழிக்கு எட்டு மணி நேரம் வேண்டாம்: என் ஸ்லோ குக்கர் குறிப்புகள்

ஸ்லோ குக்கரில், அதாவது கரண்டில் மணிக்கணக்காக மெதுவாக வேக வைக்கும் பானையில், முழுக் கோழி ஒருவழியாக நான் நினைத்த மாதிரி வந்துவிட்டது. நெஞ்சுக்கறி வறளவில்லை, தொடை எலும்பை விட்டுக் கழன்று வருகிறது, உப்பும் காரமும் உள்வரைக்கும் இறங்கியிருக்கிறது. மறப்பதற்குள் சூட்டோடு சூடாக அளவு, நேரம், செலவு, எங்கெங்கே கெட்டது என்பது உட்பட எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன். நான் இருப்பது அமெரிக்காவில், நியூ ஜெர்சியில். அதனால் விலை, பவுண்டு, ஃபாரன்ஹீட் எல்லாம் இந்த ஊர்க் கணக்குதான்.

முழுக் கோழிக்கு வந்ததற்குக் காரணம் விலை. எலும்பும் தோலும் நீக்கிய நெஞ்சுக்கறி நான் போகும் கடையில் பவுண்டுக்கு 4 டாலரைத் தொடுகிறது. அதே கடையில் முழுக் கோழி 1.79. இந்த முறை எடுத்தது 4.6 பவுண்டு, 8 டாலர் 23 சென்ட். நம் கணக்கில் கிட்டத்தட்ட 2.1 கிலோ.

குக்கரும் புதிதில்லை. பழைய பொருள் விற்கிற கடையில் 8 டாலருக்கு எடுத்தது. முட்டை வடிவம், 6 குவார்ட்டு, அதாவது ஐந்தரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆஃப், லோ, ஹை, வார்ம் என்று ஒரு திருகு மட்டும் உண்டு, டைமர் கிடையாது. முழுக் கோழி வைக்க முட்டை வடிவம்தான் தோது, வட்டப் பானையில் கால் மூடியில் முட்டும். பழைய குக்கர் வாங்குகிறவர்கள் இறைச்சி வைப்பதற்கு முன் ஒரு தண்ணீர்ச் சோதனை செய்துவிடுங்கள். பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றி, மூடி, லோவில் 8 மணி நேரம் விட வேண்டும். பிறகு மூடியைத் தூக்கிய உடனே தெர்மாமீட்டரை விட்டுப் பார்க்க வேண்டும், தாமதித்தால் சூடு இறங்கிவிடும். 185 டிகிரிக்குக் கீழே காட்டினால் அந்தக் குக்கரில் இறைச்சி வைக்காதீர்கள். 200-ஐத் தாண்டினால், சமையல் குறிப்புகளில் சொல்கிற நேரத்துக்கு வெகு முன்பே எல்லாம் குழைந்துவிடும் என்று அர்த்தம். என்னுடையது 198 காட்டியது. 8 டாலருக்கு நல்ல சரக்கு.

தெர்மாமீட்டர் 14 டாலர். குச்சி மாதிரி குத்தினால் சில நொடிகளில் எண் காட்டும் ரகம். கோழிக்கோ குக்கருக்கோ தனித்தனியாகக் கொடுத்ததைவிட இதற்குக் கொடுத்த காசு அதிகம். ஆனாலும் இந்தச் சமையலில் உண்மையிலேயே வேலை செய்தது இதுதான்.

ஏனென்றால் எல்லாக் குறிப்புகளும் நேரத்தைத்தான் சொல்கின்றன. "லோவில் எட்டு மணி நேரம், காலையில் வைத்துவிட்டு வேலைக்குப் போங்கள், மாலையில் வந்து சாப்பிடுங்கள்." முதலில் நானும் அப்படியே செய்தேன். மூடியைத் திறந்தபோது வாசனை நன்றாகத்தான் இருந்தது. கரண்டியைக் கொடுத்துத் தூக்கினால் கோழி இரண்டாக, நான்காகப் பிரிந்து விழுந்தது. தொடை பரவாயில்லை. நெஞ்சுக்கறி சாற்றிலேயே ஊறிக் கிடந்தும் வாயில் பஞ்சு மாதிரி இருந்தது. அதைவிடத் தொல்லை, விலா எலும்புகளும் கழுத்துப் பக்கத்துச் சின்ன முள்ளெலும்புகளும் கறியோடு கறியாகக் கலந்துவிட்டன. குழந்தைக்குக் கொடுக்கும் முன் ஒவ்வொரு துண்டையும் விரலால் நசுக்கிப் பார்க்க வேண்டியிருந்தது.

ஏன் இப்படி ஆகிறது என்று யோசித்தால், இந்தப் பாத்திரம் எதற்காகப் பிறந்தது என்பதில் பாதி விடை இருக்கிறது. சிகாகோவில் இர்விங் நாக்ஸன் என்பவர் இதற்கு 1940-இல் காப்புரிமை வாங்கினார். லிதுவேனியாவில், யூதர்களின் ஓய்வு நாளுக்காக முந்தின மாலையே பானையில் பயறும் இறைச்சியும் போட்டு, ரொட்டிக் கடை அடுப்பின் மிச்சச் சூட்டில் இரவெல்லாம் வேக விடுவார்கள். சோலன்ட் என்று பெயர். நாக்ஸனின் அம்மா சொன்ன அந்தக் கதைதான் தூண்டுதல். பிறகு ரைவல் நிறுவனம் அதை வாங்கி, 1971-இல் க்ராக்-பாட் என்ற பெயரில் கடைக்குக் கொண்டுவந்தது. ஆக, பயறும் முற்றின இறைச்சியும் இரவு முழுக்க வேகத்தான் இந்தச் சூடு. கடையில் கிடைக்கிற பிராய்லர் கோழியின் வயது ஆறேழு வாரம். அதில் கரைய வேண்டிய முற்றின தசைநார் பெரிதாக எதுவும் கிடையாது. எட்டு மணி நேரம் வைத்தால் வேறு என்ன ஆகும்?

இன்னொரு விஷயமும் பிறகுதான் புரிந்தது. லோ என்றால் குறைந்த சூட்டில் நிற்கும், ஹை என்றால் அதிகச் சூட்டில் நிற்கும் என்று நினைத்திருந்தேன். பல குக்கர்களில் இரண்டும் கடைசியில் போய் நிற்பது ஏறக்குறைய ஒரே இடத்தில்தான், கொதிநிலைக்குச் சற்றுக் கீழே. அங்கே போய்ச் சேர எடுக்கும் நேரம்தான் வேறு. அதனால் லோவில் வைத்தால் எவ்வளவு நேரம் ஆனாலும் கெடாது என்ற நம்பிக்கை கோழி விஷயத்தில் செல்லாது.

சரி, இப்போது செய்கிற முறை.

முதல் நாள் இரவே வேலை தொடங்கிவிடும். உறைந்த கோழியாக இருந்தால் அதற்கும் முன்னால், ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் தட்டு வைத்து, 4, 5 பவுண்டுக்கு ஒரு முழு நாள் என்ற கணக்கில் விட வேண்டும். ஐஸ் கட்டியாக ஸ்லோ குக்கரில் வைக்கவே கூடாது. 40 டிகிரியிலிருந்து 140 வரைதான் கிருமிகள் வேகமாகப் பெருகும் சூடு. மெதுவாகச் சூடேறும் பாத்திரத்தில் ஐஸ் கோழி அந்த இடைவெளியிலேயே மணிக்கணக்காகக் கிடக்கும்.

வயிற்றுக்குள் கைவிட்டுப் பார்க்க மறக்காதீர்கள். உள்ளே ஒரு சின்னப் பொட்டலத்தில் கழுத்து, ஈரல், இரைப்பை எல்லாம் வைத்திருப்பார்கள். ஈரலைத் தனியாக மிளகு போட்டு வறுத்துவிடலாம். கழுத்தும் இரைப்பையும் எலும்புச் சாறுக்குப் போகும்.

நம் வீடுகளில் மஞ்சள் போட்டு நாலு தண்ணீர் கழுவாமல் கோழி அடுப்பு ஏறாது. அமெரிக்க வேளாண் துறை கழுவ வேண்டாம் என்றுதான் சொல்கிறது: தெறிக்கிற தண்ணீரோடு கிருமி ஸிங்க், மேடை, பக்கத்தில் வைத்த கீரை எல்லாவற்றிலும் போய் ஒட்டிக்கொள்ளும், கோழியில் இருப்பது எப்படியும் வேகும்போது சாகும். நான் இப்போது கழுவுவதில்லை. காகிதத் துண்டால் உள்ளும் புறமும் ஈரம் போக நன்றாக ஒற்றி எடுக்கிறேன். இந்த ஒற்றி எடுப்பது ருசிக்கும் நல்லது. பெரும்பாலான கோழிகளைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டுத்தான் குளிர வைக்கிறார்கள், அந்தத் தண்ணீரில் கொஞ்சம் கறியிலேயே தங்கிவிடும். என் கோழியின் உறையில் 4 சதவீதம் வரை என்று அச்சடித்திருந்தது.

மசாலாவில்தான் நிறைய மாற்றினேன். முதலில் வீட்டு வழக்கப்படி இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், தயிர் போட்டுப் பிசறி ராத்திரி முழுக்க ஊற வைத்தேன். மூன்றும் காலை வாரின. தயிர் திரிந்து திப்பித் திப்பியாக நின்றது. மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் எண்ணெயில் வதங்காததால் பச்சை வாசனை கடைசிவரை போகவில்லை. இந்தக் குக்கரில் எதுவும் வதங்காது, புழுங்க மட்டும்தான் செய்யும். இஞ்சி செய்தது இன்னும் மோசம். பச்சை இஞ்சியில் இறைச்சியை இளக்கும் ஒரு நொதி இருக்கிறது. வாணலியில் சட்டென்று சூடேறும்போது அதற்கு வேலை செய்ய அவகாசம் கிடைக்காது. இங்கே மெதுவாகச் சூடேறுவதால் அது நின்று நிதானமாக வேலை பார்த்துவிடுகிறது. விழுது பட்ட இடமெல்லாம் கறி மேலாகக் கொழகொழத்துப் போனது.

இப்போது தயிர் கிடையாது, விழுது கிடையாது. மல்லி 2 மேசைக்கரண்டி, மிளகு 2 தேக்கரண்டி, சோம்பும் சீரகமும் ஒவ்வொரு தேக்கரண்டி, காய்ந்த மிளகாய் 6. வெறும் வாணலியில் மல்லி நிறம் மாறி வாசம் வரும்வரை வறுத்து, கொஞ்சம் கொரகொரப்பாகப் பொடித்து, அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூளும் 2 மேசைக்கரண்டி நல்லெண்ணெயும் விட்டுக் குழைத்துக்கொள்கிறேன். உப்பைத் தராசில் வைத்துப் போடுகிறேன், 20 கிராம். கோழி எடையில் நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கு. எந்த எடைக் கோழிக்கும் சரியாக வருகிறது.

இந்த மசாலாவைத் தோலுக்கு மேலே தடவினால் முக்கால்வாசி சாற்றில் கரைந்து போய்விடும். தோலுக்கு அடியில் போக வேண்டும். கழுத்துப் பக்கமிருந்து இரண்டு விரலை மெதுவாக உள்ளே விட்டால், தோலுக்கும் நெஞ்சுக்கறிக்கும் நடுவே மெல்லிய சவ்வு ஒன்று தட்டுப்படும். விரல் நுனியால் இப்படியும் அப்படியும் அசைத்தால் அது பிரிந்துகொடுக்கும். நகம் படக்கூடாது, பட்டால் தோல் கிழியும். அப்படியே தொடை வரை ஒரு பை போலத் திறந்துவிடும். மசாலாவை உள்ளே வைத்து, வெளியிலிருந்து தோலை நீவி நீவிப் பரப்பலாம். வேகும்போது தோலின் கொழுப்பு உருகி அந்த மசாலாவிலேயே இறங்குவதால், வதக்கிய ருசியில் பாதியாவது வந்துவிடுகிறது. மிச்ச மசாலாவை வயிற்றுக்குள் பூசி, மூடாமல் ஒரு தட்டில் வைத்து ஃப்ரிட்ஜில் விட்டுவிடுகிறேன்.

மறுநாள், அலுமினியத் தாளை மூன்றாக மடித்து இரண்டு பட்டைகள் செய்து, குக்கருக்குள் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, நுனிகள் விளிம்புக்கு மேலே நிற்கிறபடி விடுகிறேன். கோழியைக் கடைசியில் தூக்க இதுதான் கைப்பிடி. அதன்மேல் இரண்டு பெரிய வெங்காயம் தடித்த வட்டங்களாக, இரண்டு கேரட் நீளமாக. கோழி அடியில் ஒட்டாமல் நிற்க ஒரு மேடை மாதிரி. வயிற்றுக்குள் முழுப் பூண்டு ஒன்று குறுக்கே வெட்டி, தட்டிய இஞ்சித் துண்டுகள், ஒரு கைப்பிடி கறிவேப்பிலை.

தண்ணீர் ஒரு சொட்டுகூட வேண்டாம். முதலில் ஒரு கப் ஊற்றிப் பார்த்திருக்கிறேன், வந்தது அவித்த கோழிதான். மூடி இறுக்கமாக இருப்பதால் ஆவி வெளியே போகாது, கோழி விடுகிற சாறே தாராளம்.

நெஞ்சு மேலே இருக்கட்டும். நெஞ்சைக் கீழே கவிழ்த்து வைத்தால் சாற்றில் ஊறி மெத்தென்று இருக்கும் என்று பலர் சொல்வதைக் கேட்டு அப்படியும் வைத்துப் பார்த்தாகிவிட்டது. சூடு அடியிலிருந்தும் சுற்றுச் சுவரிலிருந்தும் வருகிறது, சாறும் அடியில்தான் சேர்கிறது. கவிழ்த்து வைத்தால் சீக்கிரம் வேகிற நெஞ்சுதான் அதிகச் சூட்டில் கிடக்கும். தொடை வெந்து முடிவதற்குள் நெஞ்சு 190-ஐத் தாண்டியிருந்தது. நிமிர்த்தி வைத்தால் தொடை சாற்றில், நெஞ்சு ஆவியில். இரண்டும் ஒரே நேரத்தில் தயாராகின்றன.

முதல் ஒரு மணி நேரம் ஹை, அபாயமான சூட்டைச் சீக்கிரம் கடப்பதற்காக. அப்புறம் லோ. நடுவில் மூடியைத் திறக்காதீர்கள், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் போன சூடு திரும்ப அரை மணி நேரம்கூட ஆகலாம். மூன்றரை மணி நேரம் ஆனதும் முதல் தடவையாகக் குத்திப் பார்த்தேன்: நெஞ்சின் தடித்த இடத்தில் 148. தெர்மாமீட்டர் முனை எலும்பில் படக்கூடாது, பட்டால் தப்பு எண் காட்டும். நாலரை மணி நேரத்தில் நெஞ்சு 165, தொடை உள்பக்கம் 179. கோழிக்கு 165-தான் பாதுகாப்பான எல்லை, நம் சென்டிகிரேடில் 74. தொடைக்கு இன்னும் கொஞ்சம் அதிகம் இருந்தால்தான் ரப்பர் தன்மை போகும், அதனால் 179 நல்ல எண். உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். வார்மில் வைத்தாலும் பாத்திரத்தின் சூடு வேக வைத்துக்கொண்டேதான் இருக்கும்.

பட்டைகளைப் பிடித்துத் தூக்கினால் முழுசாக வருகிறது. தோல் மட்டும் வெளுத்துப்போய்த் தளதளவென்று இருக்கும், அதை அப்படியே சாப்பிட முடியாது. பேக்கிங் தட்டில் வைத்து, ஓவனில் மேலிருந்து மட்டும் அனல் அடிக்கிற பிராயிலில் 5 நிமிடம். பக்கத்திலேயே நில்லுங்கள், நாலாவது நிமிடத்துக்கும் ஆறாவது நிமிடத்துக்கும் நடுவே பொன்னிறம் கரியாகிவிடும். குக்கரின் பீங்கான் பானையை ஓவனில் இந்த அனலுக்கு நேராக வைக்க வேண்டாம், வெடிக்கும்.

அடியில் நின்ற சாற்றை உயரமான ஒரு கண்ணாடி டம்ளரில் வடித்து அளந்தேன், 420 மில்லி. பத்து நிமிடத்தில் மேலே மஞ்சள் நிறத்தில் ஒரு விரல்கடை கொழுப்பு தெளிந்து நின்றது. கரண்டியால் எடுத்தால் 4 மேசைக்கரண்டி. அதைக் கொட்டிவிடாதீர்கள். அதிலேயே சோம்பும் கறிவேப்பிலையும் தாளித்து, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயத்தையும் ஒரு தக்காளியையும் வதக்கி, சாற்றை ஊற்றி பாதியாகச் சுண்ட விட்டேன். வெந்த வெங்காயத்தையும் கேரட்டையும் மசித்துச் சேர்த்தால் குழம்பு கெட்டியாகிவிடும். மசாலா வறுத்தது, கொழுப்பில் தாளித்தது, சாறு சுண்டியது மூன்றும் சேர்ந்துதான் நம் வீட்டுக் குழம்பு ருசி வருகிறது.

எலும்பு, தோல் நீக்கி எடை போட்டதில் கறி 770 கிராம். நாங்கள் மூன்று பேர். அன்று இரவு தொடையும் காலும் குழம்பும் சோற்றுக்கு. நெஞ்சுக்கறியை நாராக உதிர்த்து, மறுநாள் வெங்காயம், பச்சை மிளகாய், மிளகுத்தூள் போட்டுப் பிரட்டிச் சப்பாத்திக்குள் சுருட்டி மதிய டப்பாவுக்கு. மிச்சத்தை முட்டை ஊற்றிப் பொடிமாஸ் செய்தோம்.

எலும்புகள், கழுத்து, இரைப்பை, இறக்கை நுனி எல்லாவற்றையும் அதே பானையில் திரும்பப் போட்டு, இரண்டரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, லோவில் இரவு முழுக்க விட்டேன். எட்டு, பத்து மணி நேரம் இந்தக் குக்கர் உண்மையாகவே தேவைப்படுகிற இடம் இதுதான். காலையில் வடிகட்டி, எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, ஐஸ் தண்ணீர் நிரப்பிய ஸிங்கில் வைத்துச் சீக்கிரம் ஆற்றி, ஃப்ரிட்ஜில் வைத்தேன். மாலையில் அசைத்தால் ஆடுகிற ஜெல்லியாக உறைந்திருந்தது. பாதி மிளகு ரசமானது: மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு, தக்காளி கரைத்து, கொத்தமல்லித்தழை. புளி வேண்டியதில்லை. மீதி ஃப்ரீசரில் இருக்கிறது.

செலவுக் கணக்கு: கோழி 8.23. வெங்காயம், கேரட், தக்காளி, பூண்டு எல்லாம் சேர்த்து 3 டாலர் வைத்துக்கொள்ளலாம். கரண்டுக்கு பிளக்கில் மாட்டுகிற மீட்டர் போட்டுப் பார்த்தேன். ஹையில் 240 வாட், லோவில் 180 பக்கம். கோழிக்கும் எலும்புக்கும் சேர்த்து 2.7 யூனிட், எங்கள் பில் கணக்கில் யூனிட் 22 சென்ட், ஆக 60 சென்ட். மொத்தம் 12 டாலருக்குள் மூன்று பேருக்கு மூன்று வேளைக் கறியும் ஒரு பானை ரசமும்.

சந்தா கட்டி வாங்குகிற பெரிய கடையான காஸ்ட்கோவில் சுட்ட கோழியே 4.99-க்கு வாங்கலாமே என்று கேட்பார்கள். வாங்கலாம். 2009 முதல் அந்த விலையை அவர்கள் ஏற்றவில்லை, மூன்று பவுண்டு இருக்கும். சந்தா ஏற்கெனவே கட்டுகிறவர்களுக்குக் காசு மட்டும் கணக்கென்றால் அதை மிஞ்ச முடியாது. ஆனால் அதன் உப்பும் மசாலாவும் அவர்கள் வைத்ததுதான், அதன் எலும்பில் வைத்த ரசமும் எனக்குக் கரித்தது. எங்கள் வீட்டு மசாலா தொடை எலும்பு வரை இறங்கின கோழிக்கு நாலு டாலர் கூடப் போனால் போகட்டும்.

அடுத்த தடவை மாற்றப் போகிறவை சில. பூண்டைப் பச்சையாக வைக்காமல் எண்ணெயில் ஒரு புரட்டுப் புரட்டி வைக்க வேண்டும், இப்போதும் லேசாகப் பச்சை வாடை நிற்கிறது. கோழி 4 பவுண்டுக்கு மேல் வேண்டாம், 4.6 இந்தப் பானையில் மூடியைத் தொட்டுக்கொண்டு நின்றது.

அதற்கும் அடுத்தது வேறு ரகம். இங்கே உயிர்க்கோழி அறுத்துத் தருகிற கடைகளில் முட்டையிட்டு ஓய்ந்த கோழி கிடைக்கும். பிரஷர் குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் நார் நாராக நிற்கிற கறி அது. எட்டு மணி நேரக் குறிப்பு உண்மையில் அந்தக் கோழிக்குத்தான் பொருந்தும். அதில் தெர்மாமீட்டர் பாதுகாப்புக்கு மட்டும்தான் உதவும், 165 வந்த பிறகும் கறி செருப்புத்தோலாகத்தான் இருக்கும். அதனால் ஒரு கப் தண்ணீர் ஊற்றி, தோலை உரித்துவிட்டு, ஆறு மணி நேரத்துக்கு அப்புறம் தொடையில் முள்கரண்டியைக் குத்தித் திருகிப் பார்த்துத்தான் இறக்க வேண்டும். கடையில் சொல்லி வைத்திருக்கிறேன், சனிக்கிழமை வரும் என்றார்கள்.